ஆனுக்கு அழைப்பில்லை

மே 2, 2025, வெள்ளி

நேற்று நெட்ஃபிளிக்ஸில் 'தி ஃபோர் சீசன்ஸ்' வந்துவிட்டது. முதல் இரண்டு எபிசோடை நானும் கணவரும் ஒரே மூச்சில் பார்த்தோம். 1981-இல் ஆலன் ஆல்டா எழுதி, இயக்கி, நடித்த படத்தைத்தான் டினா ஃபே, லேங் ஃபிஷர், ட்ரேசி விக்ஃபீல்ட் மூவரும் எட்டு எபிசோட் தொடராக்கியிருக்கிறார்கள். மூன்று ஜோடிகள் (நிக்-ஆன், கேட்-ஜாக், டேனி-கிளாட்) பருவத்துக்கு ஒரு பயணம் போகிறார்கள். பின்னணியில் விவால்டியின் இசை. (முடிவு வரை எழுதுவேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

வசந்தத்தில், ஏரிக்கரை வீட்டில், மனைவி ஆனை விட்டுப் பிரியப்போவதாக நிக் நண்பர்களிடம் சொல்கிறான். திருமணமாகி 25 வருடம். அவளோ அவனுக்குத் தெரியாமல் இருவரும் மறுபடி உறுதிமொழி எடுத்துக்கொள்ள விழா ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள். தெரிய வேண்டிய ஒருத்தியைத் தவிர மற்றவர்களுக்கு விஷயம் தெரியும். ஆனாக நடித்த கெர்ரி கென்னி-சில்வரின் சந்தோஷ முகத்தைப் பார்க்கவே முடியவில்லை எனக்கு.

"வேற வேற திரையைப் பார்த்துக்கிட்டு ஒரே ரூம்ல வாழ்ந்திருக்காங்க. அவன் சொல்ற வெறுமை எனக்குப் புரியுது," என்றார் கணவர். புரிவது வேறு, சொல்லத் தேர்ந்தெடுத்த நேரம் வேறு என்றேன். விளக்கை அணைத்த பிறகும் பேச்சு ஓயவில்லை.

மே 4, ஞாயிறு

கோடைப் பகுதி முடிந்தது. ஆன் இருந்த இடத்தில் இப்போது நிக்கின் புதுக் காதலி ஜின்னி. நிக்கைவிட மிகவும் இளையவள். எல்லோரையும் இயற்கையோடு ஒட்டிய ஒரு விடுதிக்குக் கூட்டிப் போகிறாள், வசதி பழகிய நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

தங்கை மகள் போனில் பொரிந்து தள்ளினாள். "பெரியம்மா, அவ ஒருத்தரைக் காதலிச்சா, அவ்வளவுதானே? அத்தனை பேரும் சேர்ந்து அவளை நக்கல் பண்றது அசிங்கமா இருக்கு." அவள் வயதில் எனக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். எரிகா ஹென்னிங்சென் அந்தப் பெண்ணைப் பொம்மையாக்காமல் நடித்திருக்கிறார் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

ஆல்டாவே ஆனின் அப்பாவாக ஒரு காட்சியில் வந்துபோனதை அன்று எழுத விட்டுப்போனது. 89 வயது. பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018-இலேயே வெளிப்படையாகச் சொன்னவர். தான் எழுதிய கதைக்குள் வயதான மனிதராக அவர் வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மே 7, புதன்

நான் காத்திருந்த அழைப்பு இன்று வந்தது. ஐம்பதைத் தாண்டி விவாகரத்து வாங்கிய தோழி. இலையுதிர்காலம் வரை பார்த்திருக்கிறாள்.

"நிக் நல்லவனா கெட்டவனான்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க. எனக்கு அவனே முக்கியமில்லடி," என்றாள். "அந்த நாலு பேரும் அவளுக்கும்தானே ஃப்ரெண்ட்ஸ்? அப்புறம் எப்படி பயணம் மட்டும் அவன்கூடப் போச்சு?"

அவள் கதையும் அதுதான். அவளும் கணவருமாகப் பழகிய வட்டம் ஒன்று இருந்தது. யாரும் அவளோடு சண்டை போடவில்லை. ஜோடியாக அழைத்துப் பழகியவர்களுக்குத் தனியாக ஒருத்தியை எப்படி அழைப்பது என்று தெரியவில்லை, மெல்ல விட்டுவிட்டார்கள். "கோர்ட்ல ஒரு நாள்ல முடிஞ்சுது. அவங்க சேர்ந்து போன ஃபோட்டோ வர்றப்ப எல்லாம் திரும்பத் திரும்ப வலிக்குது." வீடு, பணம், பிள்ளைகள் பற்றிச் சட்டம் பேசுகிறது. நண்பர்களை யார் எடுத்துக்கொள்வது என்பதற்கு ஒரு வரி கிடையாது.

இதைத் தொடர் தொட்டிருக்கிறது, ஆனால் போதுமான நேரம் தரவில்லை என்பது என் எண்ணம். மகள் படிக்கும் கல்லூரிக்குப் பெற்றோர் போகிற வார இறுதியில் மகள் அப்பாவைப் பற்றி ஒரு நாடகம் போடுகிறாளே, அந்தக் கோபத்தில் பாதியாவது ஆனின் நண்பர்களுக்கு வந்திருக்க வேண்டாமா?

அமெரிக்காவில் இது அபூர்வமான கதையும் இல்லை. 1990-க்கும் 2010-க்கும் இடையில் 50 வயதைக் கடந்தவர்களின் விவாகரத்து விகிதம் இரு மடங்கானது. 2010-இல் விவாகரத்து செய்தவர்களில் நான்கில் ஒருவர் அந்த வயதுக்காரர். பவுலிங் கிரீன் பல்கலைக்கழகத்தின் சூசன் பிரவுனும் ஐ-ஃபென் லின்னும் கண்டு எழுதியது. அத்தனை ஜோடிகளைச் சுற்றியும் ஒரு நண்பர் வட்டம் இருந்திருக்கும்.

மே 10, சனி

குளிர்காலம். ஏழாவது எபிசோடில் நிக் கார் விபத்தில் செத்துப்போகிறான்.

கணவர் எழுந்தே போய்விட்டார். நிக்காக நடித்த ஸ்டீவ் கரெலை எதற்காக இப்படிக் கொன்றார்கள் என்று இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறார். தங்கை மகள் அழுதிருக்கிறாள். 1981 படத்தில் யாரும் சாவதில்லை. ஐஸ் உடைந்து டேனி தண்ணீருக்குள் விழுந்து பிழைக்கிறான், அதோடு சரி. பழைய கூட்டம் ஜின்னியையும் சேர்த்துக்கொண்டு, முகம் சுளித்தபடியாவது, தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது. அந்த முடிவுதான் எனக்குத் துணிச்சலாகப் படுகிறது. செத்தவனிடம் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஆன் அவனிடம் கேட்க வேண்டியது எவ்வளவு பாக்கி இருந்தது!

ஆனாலும் எட்டாவது எபிசோடை நான் தள்ளிவிட மாட்டேன். இறுதிச் சடங்கில் ஆன் ஒருபுறம், ஜின்னி மறுபுறம். இருவரும் இழந்தது ஒரே மனிதனை. யாருக்கு அழும் உரிமை அதிகம் என்று சுற்றியிருப்பவர்கள் மனத்துக்குள் எடை போடுகிறார்கள். ஜின்னி கர்ப்பமாக இருப்பது கடைசியில் தெரிகிறது. நிக் உயிரோடு இருந்திருந்தால் இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மே 15, வியாழன்

இரண்டாவது சீசன் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். "நிக் இல்லாம என்ன கதை?" என்று கணவர் ஒதுங்கிக்கொண்டார். தங்கை மகளுக்கு ஜின்னியின் குழந்தையைப் பார்க்க ஆசை.

தோழியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த பயணத்துக்கு ஆனுக்கு யார் முதல்ல போன் பண்றாங்கன்னு மட்டும் காட்டட்டும். அதுக்காகவே பார்ப்பேன்," என்றாள். கேட்தான் பண்ணுவாள் என்றேன். டேனிதான் என்று அவள் அடித்துச் சொல்கிறாள்.