மேலே அடர்நீலம், கீழே வெறும் தாள்: பொகாஷி வந்துவிட்டது

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்த மரப்பலகை அச்சில் வானம் சரியாக விழுந்துவிட்டது. மேல் விளிம்பில் அடர்நீலம். இறங்க இறங்க வெளுத்து, மலை உச்சியைத் தொடும் முன்பே தாளோடு தாளாகிவிடுகிறது. நடுவில் கோடும் இல்லை, திட்டும் இல்லை. நிறத்தை இப்படி மெல்ல மங்கவைப்பதற்குத்தான் பொகாஷி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் படங்களைப் பார்த்துப் பார்த்து மொகுஹங்கா (ஜப்பானிய மரப்பலகை அச்சு) பக்கம் வந்தவர்களுக்கு இந்தப் பெருமை புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செதுக்கியது, கெந்தோ (தாளைச் சரியான இடத்தில் பொருத்த உதவும் பள்ளம்) வெட்டியது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. ஷினா பிளைவுட், நான்கு பலகை, வழக்கமான வேலைதான். வானப் பலகையில் செதுக்குவதற்கே பெரிதாக எதுவும் கிடையாது. மலைக்கோட்டுக்கு மேலே வழவழவென்று ஒரு சமதளம், அவ்வளவுதான். நிறம் மங்குவதற்கான வித்தை மரத்தில் இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் அதைக் கையால் புதிதாகப் பூச வேண்டும். மாதக்கணக்கில் என்னை அலைக்கழித்தது அந்தப் பூச்சுதான்.

ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிட்டு, மேல் ஓரத்தில் பிரஷ்யன் நீலமும் துளி அரிசிக்கூழும் வைக்கிறோம். அகல பிரஷின் ஒரு முனையில் மட்டும் சாயம், மறுமுனையில் தண்ணீர். அதை இடவலமாக மட்டுமே ஓட்ட வேண்டும். கை கொஞ்சம் கீழே சாய்ந்தாலும் நீலம் இறங்கிவிடும். தண்ணீர் கூடினால் வெள்ளைப் பகுதியில் நீர்க்கறை. குறைந்தால் நீலம் முடியும் இடத்தில் அப்பட்டமாக ஒரு விளிம்பு. கூழ் போதாவிட்டால் எள்ளைத் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக விழும். (சிலர் அதையே வேண்டுமென்று வரவழைப்பார்கள். வானத்தில் எனக்குப் பிடிக்காது.)

கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது பிரஷைப் பழக்கியதுதான். புது பிரஷின் மயிர் முரடு, கோடு கோடாக இழுக்கும். ஜப்பானில் அச்சுக்காரர்கள் மயிர் நுனியைச் சூடான இரும்பில் பொசுக்கி, காய்ந்த சுறாத்தோலில் தேய்த்துத் தேய்த்து நுனியைப் பிளக்கவைப்பார்கள். சுறாத்தோலுக்கு நான் எங்கே போவது? ஷூ பாலிஷ் போடும் குதிரைமயிர் பிரஷைத் தோசைக்கல்லில் பொசுக்கி, நனைத்த உப்புத்தாளில் மயிர் பஞ்சு மாதிரி ஆகும்வரை தேய்த்தேன். வீடெல்லாம் கருகல் நாற்றம். அந்தத் தோசைக்கல் இப்போது என் சொத்து, சமையலறைக்குள் அதற்கு அனுமதியில்லை.

தாளும் லேசுப்பட்டதல்ல. ஓர் இணையக் கடை கோஸோ (ஜப்பானிய நார்த்தாள்) என்று சொல்லி அனுப்பியது, நனைத்ததும் பரேனோடு (தாளின் முதுகில் தேய்த்து அச்செடுக்கும் வட்டத் தட்டு) ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. இப்போது வாங்கும் தாள் விலை அதிகம், ஆனால் தாங்குகிறது. சென்னை வெயிலில் ஈரத்தாளை வெளியே வைத்தால் பூசணம் பூத்துவிடும். அதனால் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃப்ரிட்ஜில், கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு பட்ட பிறகு பழைய படங்களைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது. 1856 முதல் 1858 வரை ஊவோயா எய்கிச்சி பதிப்பித்த ஹிரோஷிகேயின் எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் காட்சிகளை அருங்காட்சியகத் தளங்களில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் இரண்டு விதமாக இருக்கும். ஓவியர் கையெழுத்து படத்திலேயே உண்டு, பதிப்பாளர் முத்திரையும் உண்டு. அந்த வானத்தைப் பூசிய அச்சுக்காரர் பெயரைத்தான் காணோம். என்னைக் கேட்டால் பாதிப் படம் அவருடையது.

அடுத்தது மழை. வான் கோ 1887-இல் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தாரே, ஹிரோஷிகேயின் அந்த ஷின் ஓஹாஷி பாலத்து மழை. அதன் உச்சியில் தொங்கும் கருமேகமும் பொகாஷிதான். ஆனால் நேர்ப்பட்டை அல்ல, ஓரம் நெளிந்து நெளிந்து போகும். அதற்கு முன் ஜப்பானிய அச்சு ஓவியர் யோஷிதா ஹிரோஷியின் மதுரைக் கோயில் அச்சில் ஒரு மூலையையாவது செதுக்கிப் பார்க்க ஆசை. 1930-களின் தொடக்கத்தில் இந்தியா வந்துபோய் அவர் செய்த வரிசையில் அதுவும் ஒன்று. பலகைக்கு ஆர்டர்கூடப் போட்டாயிற்று.

கையில் இருக்கும் படத்துக்கு இன்னும் பச்சையும் கூரைச் சிவப்பும் ஏறவில்லை என்பது வேறு விஷயம். பரேனின் மூங்கில் உறையும் கிழிகிற நிலையில் இருக்கிறது. நல்ல உறை இங்கே எங்காவது கிடைத்தால் சொல்லுங்கள்.