ஏரிக்கரையில் ஓர் இரவு

மெக்சிகோவில் இறந்தவர்களுக்கான திருநாளைப் பார்க்கப் போகிறேன் என்றதும், தலைநகர ஊர்வலத்தைத் தவறவிடாதே என்றுதான் நண்பர்கள் சொன்னார்கள். அந்த ஊர்வலமே 2016-இல் ஆரம்பித்தது, அதுவும் ஓர் ஆங்கிலப் படத்தில் கற்பனையாக வந்ததைப் பார்த்து! எனக்கு அது வேண்டாம் என்று மிச்சோவாக்கான் மாநிலத்துப் பாட்ஸ்குவாரோ ஏரிக்கரைக்குப் போனேன்.

ஏரி நடுவே ஹனிட்சியோ தீவு ரொம்பப் பிரசித்தம். படகுத்துறைக் கூட்டத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. கரையோரமாகவே சின்சுன்சானுக்குப் போனேன். ஸ்பானியர்கள் வருமுன் புரேப்பெச்சா அரசர்களின் தலைநகரம். நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. இடைப்பட்ட இரவில் ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான் விழித்திருக்கிறது.

வாசலிலேயே வாசனை வந்துவிட்டது. பூ நம்ம செண்டுமல்லியேதான். அதற்குப் பிறந்த வீடே மெக்சிகோ, இந்தியாவுக்கு வந்தது பிறகு. இங்கே அதன் பெயர் செம்பசூச்சில், நவாட்டில் மொழியில் 'இருபது பூ' என்று பொருள். அந்த நிறமும் மணமும் ஆன்மாக்களுக்கு வழிகாட்டுமாம். புகையும் சாம்பிராணி மாதிரியே இருக்கவே என்ன என்று கேட்டேன். "கோபால்" என்றார் ஒருவர். ஆள் பெயர் என்றே நினைத்தேன். மரப்பிசினாம்!

2,000 மீட்டருக்கு மேல் உயரம், குளிர் எலும்பில் இறங்கியது. நான் சால்வை எடுத்துப் போகாததைக் கவனித்த ஒரு பாட்டி, தன் மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கணவருடைய கல்லறை. பக்கத்தில் பேரன் போர்வைக்குள் சுருண்டு தூங்கினான். பூ வளைவுக்குக் கீழே ஆரஞ்சு, வாழைப்பழம், ஒரு பீர் பாட்டில், தட்டில் உப்பு, மேலே எலும்பு வடிவில் மாவை உருட்டிவைத்துச் சுட்ட ரொட்டி. எல்லாவற்றுக்கும் முன்னால், விளிம்பு வரை நிரம்பிய ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர்.

அரைகுறை ஸ்பானிஷில், தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தார். "அவ்வளவு தூரம் நடந்து வருகிறார், தாகமாக இருக்காதா?"

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அழுகை கேட்கும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். கேட்டதெல்லாம் பேச்சுதான். ஊருக்குப் போய்த் திரும்பியவரிடம் வீட்டு விஷயம் சொல்வதுபோல, பாட்டியும் அந்தக் கல்லறையிடம் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை சிரித்தார். மெழுகு உருகி வழிந்தால் விரலால் சுரண்டி எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். இரண்டு மணிக்கு யாரோ சோளமாவுக் கஞ்சி கொடுத்தார்கள். அத்தோலே என்று பெயர், சூடாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது ஏரிப்பக்கம் வெளுத்திருந்தது. பேரன் எழுந்து நேரே தம்ளரைத்தான் பார்த்தான். தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்ததாகப் பாட்டியிடம் காட்டினான். பாட்டி தலையாட்டினார்.

படைத்ததை எடுத்துப் பங்கிட்டார்கள். எனக்கும் ரொட்டியில் ஒரு துண்டு. "ருசி இருக்காது. வாசனையையெல்லாம் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்" என்றார் பாட்டி.

எனக்கு நன்றாகத்தான் இனித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.