பிராட்பேண்ட் திட்டம்: முதலில் வீடுகளை எண்ணுங்கள்

வட்டாரத்துக்கு பிராட்பேண்ட் திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது நிறுவனங்கள் கொடுக்கும் சேவைப் பரப்பு வரைபடம். பார்க்க நிறைவாக இருக்கும். அதை நம்பிச் செலவுக் கணக்குப் போட்டால் பின்னால் எல்லாமே சறுக்கும். அமெரிக்காவில் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு நிலத்துண்டில் ஒரே ஒரு முகவரிக்கு இணைப்பு தர முடிந்தாலும், துண்டு முழுவதற்கும் சேவை உண்டு என்று எழுதிக்கொண்டார்கள். 2022-இல்தான் முகவரி வாரியான கணக்குக்கு மாறினார்கள்.

அதனால் நாங்கள் வீட்டுப் பட்டியலிலிருந்து தொடங்குகிறோம். வரிப் பதிவேட்டையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிட்டால் பெரும்பகுதி வந்துவிடும். ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பம் இருப்பதும், சாலையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் வீடும் மட்டும் நேரில் போனால்தான் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் இப்போதுள்ள இணைப்பு, மாதக் கட்டணம், அருகிலுள்ள கம்பம் எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

கருத்தாய்வை இணையத்தில் மட்டும் நடத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய பிழை. இணைப்பு இல்லாதவர் எப்படி நிரப்புவார்? காகிதப் படிவம், தொலைபேசி, நூலக மேசை மூன்றும் வேண்டும். "ஏன் இணைப்பு இல்லை?" என்ற கேள்விக்கு கம்பி வரவில்லை, கட்டுப்படியாகவில்லை, கருவி இல்லை, பயன்படுத்தத் தெரியாது, தேவையில்லை என்று தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பினால், விலைதான் தடையாக உள்ள தெருவில் போய்ப் பள்ளம் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

வேகத்தை வைஃபையில் அளக்காதீர்கள். சுவரின் குறையும் பழைய ரவுட்டரின் குறையும் நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிடும். கேபிளைச் சொருகி, காலையில் ஒரு முறை, இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒரு முறை. பதிவேற்ற வேகத்தையும் தாமதத்தையும் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) சேர்த்தே எழுதுங்கள். காணொளி வகுப்பு திணறுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

ஃபைபரில், அதாவது கண்ணாடி இழைக் கம்பியில், ஒளி வழியில் எவ்வளவு மங்கும் என்ற இழப்புக் கணக்கு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் அமைப்பில், பி பிளஸ் வகைக் கருவிகளுக்கு மொத்தம் 28 டெசிபெல் (இழப்பை அளக்கும் அலகு) இழப்புக்குத்தான் இடம். 12 கிலோமீட்டர் இழைக்கு 4.2, ஒளியை 32 கிளையாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு ஏறக்குறைய 17.5, இழையோடு இழை சேரும் எட்டு ஒட்டுக்கு 0.8, நான்கு கனெக்டருக்கு 2. ஆக 24.5. பழுதுபார்க்கும்போது கூடும் ஒட்டுகளுக்காக 3 ஒதுக்கினால் 27.5. சிக்கனம் என்று 64 கிளைக்குப் போனால் இன்னும் மூன்றரை ஏறும், ஒதுக்கீடு காலி. முதல் அறுந்த கேபிளிலேயே கடைசி வீடுகள் இருண்டுவிடும்.

கம்பியில்லா இணைப்பு சிதறிய வீடுகளுக்குச் சரி, ஆனால் "கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது" என்பது போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இடைவெளிக்கு, நடுவில் நேர்க்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 7 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும். இலையுதிர்ந்த பருவத்தில் அளந்துவிட்டு, தழைத்த பிறகு சிக்னல் போயிற்றே என்று விழிப்பது வாடிக்கை.

கம்பி இழுப்பதைவிட அதற்கு அனுமதி வாங்குவதுதான் நாளைத் தின்னும். கம்பங்களில் பழைய கம்பிகளை நகர்த்த யார் பணம் கொடுப்பது என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். சாலை போடுகிறார்கள் என்று தெரிந்தால் வெற்றுக் குழாயையாவது அதே பள்ளத்தில் புதைத்துவிடுங்கள்.

அறிக்கையில் "கம்பி கடந்துபோகும் வீடுகள்" (கேட்டால் இணைப்பு தரலாம்), "இணைந்த வீடுகள்" இரண்டும் தனித்தனிப் பத்தியில் இருக்கட்டும். கட்டணத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு: ஐநா பிராட்பேண்ட் ஆணையத்தின் இலக்குப்படி, அடிப்படைச் சேவை தலா மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் அது சராசரிக் கணக்கு. வட்டாரத்தின் அடிமட்ட வருமானக்காரருக்கு எத்தனை விழுக்காடு வருகிறது என்று தனியே போட்டுப் பாருங்கள். மானியம் முதல் ஆண்டோடு நின்றால், பதின்மூன்றாம் மாதத்தில் யார் யார் துண்டிக்கிறார்கள் என்பதையும் எண்ணுங்கள்.