போட்ட லீவை சனிக்கிழமையில அடைச்ச கதை

கலிஃபோர்னியாவுல புள்ளைங்களப் படிக்க வைக்கிறவங்க, அதுலயும் டிசம்பர் வந்தா ஊருக்கு டிக்கெட் போடுற நம்ம ஆளுங்க, இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லது. எங்க பொண்ணு நாலாங்கிளாஸ். பிப்ரவரில ஸ்கூல்லருந்து ஒரு லெட்டர், உங்க பொண்ணு க்ரானிக் அப்சென்டீ லிஸ்ட்ல வந்துட்டான்னு. வீட்டுக்காரருக்கு செம கடுப்பு, எல்லா லீவும் சொல்லிட்டுத்தானே போட்டோம், ஸ்கூல் போர்ட்டல்லயும் எக்ஸ்க்யூஸ்டுன்னுதானே, அதாவது காரணத்தை ஏத்துக்கிட்டாங்கன்னுதானே காட்டுது, அப்புறம் எதுக்கு இந்த லெட்டர்னு.

இங்க ட்ரூவன்ஸி வேற, இது வேற. சரியான காரணம் இல்லாம மூணு நாள் மட்டம் போட்டா ட்ரூவன்ட். க்ரானிக் அப்சென்டீக்கு காரணத்தையே பாக்க மாட்டாங்க, காய்ச்சலோ கல்யாணமோ, நடந்த ஸ்கூல் நாள்ல 10 சதவீதம் வரலைன்னா பேரு ஏறிடும். வருஷத்துக்கு 180 நாள், அப்போ 18 நாள் போனாத்தானேன்னு நாம கணக்கு போடுவோம், ஆனா அவங்க அன்னன்னிக்கு வரைக்கும் நடந்த நாளை வச்சுப் பாக்குறாங்க, பிப்ரவரி ஆரம்பத்துல நூறு சொச்சம் நாள்தான் ஓடியிருக்கும், பதினோரு நாள் போனாலே மாட்டிக்குவோம்.

எங்களுக்கு எப்படி ஏறுச்சுன்னா, டிசம்பர்ல மதுரைல எங்கப்பாவுக்கு சதாபிஷேகம். விண்டர் பிரேக் ரெண்டு வாரம் பத்தாதுன்னு முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் இழுத்தோம். ஃபங்ஷன் அன்னிக்கு மட்டும் கல்ச்சுரல் செரிமனின்னு எக்ஸ்க்யூஸ் பண்ணாங்க, அட்டெண்டன்ஸ் பாக்குற அம்மா போன்ல சதாபிஷேகத்துக்கு ஸ்பெல்லிங் கேட்டாங்க பாருங்க, அது தனிக் கதை. மத்த நாளுக்கு இண்டிபெண்டன்ட் ஸ்டடின்னு ஒரு ஒப்பந்தம் போட்டு கையெழுத்து வாங்கினாங்க. இது நல்ல ஏற்பாடு, 15 நாள் வரைக்கும் சின்ன ட்ரிப்புக்கு பண்ணலாம், அங்கருந்தே வொர்க் முடிச்சுக் கொடுத்தா வந்த கணக்கு. ஆனா கொடுத்த வொர்க் எத்தனை நாள் பெறும்னு டீச்சர்தான் முடிவு பண்ணுவாங்க. பாட்டி வீட்ல, சித்தி பசங்க மாடில பட்டம் விட்டுட்டு இருக்கும்போது எந்தப் புள்ள ஒர்க்‌ஷீட் போடும்? பாதிதான் தேறுச்சு. திரும்பி வந்து ஜெட்லேக் தீர்றதுக்குள்ள ஃப்ளூ வேற, அது அப்படியே ஆப்சென்ட்.

லெட்டரோட கீழயே அட்டெண்டன்ஸ் ரெக்கவரின்னு ஒரு வழி எழுதியிருந்தாங்க. 2024ல எஸ்பி 153னு ஒரு சட்டம் போட்டு 2025 ஜூலை 1லருந்து நடைமுறைக்கு வந்தது. ஸ்கூல் நேரத்துக்கு வெளிய, அதாவது காலைல முன்னாடியோ சாயங்காலமோ சனிக்கிழமையோ லீவு நாள்லயோ கிளாஸ் வச்சு, விட்டுப்போன நாளை ஈடு கட்டலாம். ஒரு வருஷத்துக்கு அதிகபட்சம் 10 நாள், அதுவும் நீங்க எத்தனை நாள் வரலையோ அதுக்கு மேல போகாது, முன்கூட்டியே சேத்து வச்சுட்டு அடுத்த வருஷம் லீவு போடலாம்னு கனவு காண முடியாது.

எங்க ஸ்கூல்ல சனிக்கிழமை காலை 8:30லருந்து 12:30. அது ஏன் சரியா நாலு மணி நேரம்னா, நாலாங்கிளாஸுக்கு ஒரு நாளா கணக்கு வைக்க குறைஞ்சது 240 நிமிஷம் வேணும். இது தெரிஞ்சப்புறம்தான் டைமுக்கு இவ்ளோ கறாரா இருக்காங்கன்னு புரிஞ்சுது, லேட்டா கூட்டிட்டு வந்த ஒரு அப்பாகிட்ட அன்னிக்கு முழு நாளா வராதுன்னு வாசல்லயே சொல்லிட்டாங்க.

போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரே அழுகை. க்ளாஸ்ல எவனோ சாட்டர்டே ஸ்கூல்னா தப்பு பண்ணவங்களுக்குன்னு சொல்லிட்டான் போல. சட்டத்துலயே இது கட்டாயம் இல்ல, தண்டனையா வைக்கக் கூடாதுன்னு இருக்கு, ஆனா ஒம்பது வயசு புள்ளகிட்ட சட்டம் பேசி என்ன ஆகப்போகுது, முடிச்சதும் தோசைன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். போய்ப் பாத்தா பாதிப் பேர் நம்ம கேஸுதான், ஊருக்குப் போயிட்டு வந்தது. அந்தப் பக்கம் ரெண்டு தெலுங்குக் குடும்பம், இன்னொரு அம்மா மெக்ஸிகோ போயிட்டு வந்தவங்க.

நான் சும்மா உக்கார வச்சு கலர் அடிக்க விடுவாங்கன்னுதான் நினைச்சேன், அப்படி இல்ல. ரெகுலர் கிளாஸ்ல நடத்துற பாடத்துக்கு ஈடா இருக்கணும், லைசன்ஸ் உள்ள டீச்சர்தான் எடுக்கணும், ஒரு டீச்சருக்கு 20 பேருக்கு மேல கூடாது, கிண்டர்கார்டன் பசங்கன்னா 10. இவளுக்கு ஜனவரில விட்டுப்போனது ஃப்ராக்‌ஷன். வீட்ல நான் நம்ம ஊர் முறைல மேலயும் கீழயும் பெருக்கச் சொல்லிக் கொடுத்தேன், விடை வந்துச்சு, ஆனா ஏன்னு அவளுக்கு விளங்கல. அந்த டீச்சர் நீளமா ஒரு பேப்பரை மடிச்சு, பாதி, அதுல பாதி, அதுல பாதின்னு கோடு போட்டு, 2/4ம் 4/8ம் ஒரே மடிப்புல வந்து நிக்கிறதைக் காட்டியிருக்காங்க. கார்ல வரும்போது பார்க்கிங் டிக்கெட்டை மடிச்சு மடிச்சு எனக்குப் பாடம் எடுத்தா. முப்பது பேர் இருக்குற கிளாஸ்ல இவளுக்கு இது கிடைச்சிருக்காதுன்னுதான் தோணுது.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா தமிழ் ஸ்கூல்ல. அதுவும் சனிக்கிழமை காலைல. இங்க ஒரு நாளை அடைக்கப் போனா அங்க ஒரு நாள் ஆப்சென்ட், கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குன மாதிரி. தமிழ் டீச்சர் வேற, ஆண்டு விழா ஒத்திகைக்கு வரலைன்னா வேஷம் கிடையாதுன்னுட்டாங்க. கடைசில புதன்கிழமை சீக்கிரம் விடுவாங்கல்ல, அன்னிக்கு சாயங்கால செஷனுக்கு மாத்திக் கேட்டு வாங்கினோம். அது சின்ன செஷன், ரெண்டு மூணு சேந்தாத்தான் ஒரு நாள் ஆகும், ஆனா பரவால்ல.

ஸ்கூலுக்கு இதுல என்ன அக்கறைன்னு கேக்குறவங்களுக்கு, இங்க பணம் புள்ளைங்க வந்த நாளை வச்சுத்தான் வரும், டாக்டர் லெட்டரே இருந்தாலும் வராத நாளுக்குக் காசு இல்ல, ரெக்கவரி நாளுக்கு உண்டு. அதனால வருந்தி வருந்திக் கூப்புடுறாங்கன்னு என் வீட்டுக்காரர் சொல்லிட்டே இருப்பார். இருக்கட்டுமே, அவங்களுக்குக் காசு வருது, எனக்கு ஃப்ராக்‌ஷன் வருது. அது போக கோவிட்டுக்கு அப்புறம் 2021-22ல இந்த ஸ்டேட்ல 30 சதவீதம் புள்ளைங்க இந்த லிஸ்ட்ல இருந்தாங்க, அவங்க பதறுனதுலயும் நியாயம் இருக்கு.

ஏப்ரல்ல பேரு லிஸ்ட்லருந்து இறங்கிடுச்சு. போர்ட்டல்ல அப்டேட் ஆக நேரம் எடுக்கும், அதனால போற ஒவ்வொரு செஷனுக்கும் வருகை எழுதுனாங்களான்னு பாத்துட்டு வாங்க. எல்லா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்லயும் இது கிடையாது, நடத்துறதும் நடத்தாததும் அவங்க இஷ்டம். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல இண்டிபெண்டன்ட் ஸ்டடி உண்டா, ரெக்கவரி உண்டா, எந்தக் கிழமைன்னு கேட்டுக்கோங்க. தமிழ் ஸ்கூல் நேரத்தையும் கைல வச்சுக்கிட்டுக் கேளுங்க.