நிலவாகைப் பொட்டலத்தில் ஆவாரை

தருமபுரியிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் சாலையோரத்தில் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். பொங்கலுக்கு முன் வேப்பிலை, பூளைப்பூவுடன் சேர்த்துக் காப்புக் கட்டுவதற்கு நாங்கள் ஒடித்து வருவதும் அதைத்தான். அதே சென்னா பேரினத்தைச் சேர்ந்த நிலவாகையோ திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வயல்களில் பயிராகி, உலர்ந்த இலையாகவே எங்கள் ஊருக்கு வருகிறது. மலச்சிக்கலுக்கென்று என் மாமியார் வாங்கி வைத்திருந்த பொட்டலத்தில் கூர்நுனி இலைகளுக்கிடையே மழுங்கிய நுனியுடைய துண்டுகளும் கிடந்ததால் ஐயம் எழுந்தது. கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

நொறுங்கிய இலையில் வடிவத்தை நம்ப முடியாது. ஆகவே கூர்நுனித் துண்டொன்றை வெந்நீரில் ஊறவைத்து, கேரட் பிளவில் செருகி, பிளேடால் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தேன். பெரும்பாலான இலைகளில், தூண்கள்போல் நெருங்கி நிற்கும் பாலிசேட் செல்கள் மேற்பக்கத்தில் மட்டுமே அடுக்கி நிற்கும்; நிலவாகையில் அவை இருபக்கமும் இருக்கும், மேலடுக்கு நெடிதாகவும் கீழடுக்கு குட்டையாகச் சற்று நெளிந்தும். நடுநரம்பின் நார்களை ஒட்டிக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். புறத்தோலின் தூவிகள், அதாவது நுண்மயிர்கள், ஒற்றைச் செல்லால் ஆனவை; கூம்பு வடிவமும், மருக்கள் நிறைந்த தடித்த சுவரும் கொண்டவை. இவை அத்தனையும் அந்தத் துண்டில் தெரிந்தன.

மழுங்கிய நுனித் துண்டுகளிலோ தூவிகள் மிக நீளமாக இருந்தன. கல்லூரி ஆய்வகத்தில் அவற்றின் மீது 80 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தை ஒரு சொட்டு விட்டதும் செங்கருஞ்சிவப்பு படர்ந்தது. நிலவாகையில் கலக்கும் ஆவாரை இலையைக் காட்டிக்கொடுக்கும் பழைய சோதனை இது.

நிலவாகைக்குள்ளேயே இன்னொரு நுட்பம் உண்டு. புறத்தோல் செல்களும் இலைத்துளைகளும் சேர்ந்த மொத்த எண்ணிக்கையில் இலைத்துளைகள் நூற்றுக்கு எத்தனை என்பதே இலைத்துளைக் குறியெண். எகிப்து, சூடான் பக்கத்து இலையில் அது 10 முதல் 15 வரையும், நம் திருநெல்வேலி இலையில் 14 முதல் 20 வரையும் இருக்கும். இன்று இரண்டையும் ஒரே இனமாகக் கொள்ளும் தாவரவியலாளர் பலர். எனினும், பொடியாகிவிட்ட சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கணிக்க இந்த எண்ணை நான் விடமாட்டேன்.

"எனக்கு ஏது நுண்ணோக்கி?" என்று மாமியார் கேட்டார். ஆவாரையின் கூட்டிலைக் காம்பில் ஒவ்வொரு சோடிச் சிற்றிலைக்கும் இடையே சிறு சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும் என்றும், நிலவாகைக் காம்பில் அது இராது என்றும் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொட்டலத்தை முறத்தில் கொட்டிக் காம்புகளைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.