எடிட்டிங் கணினி: முதலில் கேமராவின் கோப்பைப் பாருங்கள்

குறைந்த செலவில் வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர்களில் பெரும்பாலோர் கிராபிக்ஸ் கார்டிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். கேம் ஆடுவதற்காகக் கணினி வாங்குவோரின் வழக்கம் அது. யூடியூபில் கிடைக்கும் யோசனைகளில் பாதிக்கு மேல் அவர்களுக்காகவே சொல்லப்படுபவை. எடிட்டிங் செய்ய வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தம்முடைய கேமரா எந்த வகைக் கோப்பைப் பதிவு செய்கிறது என்பதைத்தான். கல்யாண வீடியோத் தொழிலில் இறங்கிய என் அக்காள் மகன், "எந்த கார்டு வாங்கலாம் மாமா?" என்று கேட்டபோது, அவன் எடுத்த கிளிப் ஒன்றை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்த பிறகே மேற்கொண்டு பேசினேன். எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10 பிட் (நிறத்தின் நுணுக்கம்), 4:2:2 (நிற விவரம் எவ்வளவு சேமிக்கப்படுகிறது) என்று அது காட்டியது. அந்த ஒரு வரிதான் எந்தப் பிராசசர் என்பதை முடிவு செய்தது.

எச்.264, எச்.265 ஆகிய இரண்டு சுருக்கும் முறைகளிலும் பொதுவாக எல்லா பிரேமும் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமும்) முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பிரேம்களே முழுமையாக இருக்கும். மற்றவற்றில், பக்கத்துப் பிரேம்களைவிட என்ன மாறியிருக்கிறது என்ற விவரம் மட்டும் இருக்கும். கோப்பின் அளவு சிறிதாவதற்கு இதுவே காரணம். டைம்லைனின் நடுவில் ஓரிடத்தைத் தொட்டதும் படம் திக்கித் திணறுவதற்கும் இதுவே காரணம், ஏனெனில் அந்த ஒரு பிரேமைக் காட்டுவதற்குக் கணினி முந்தைய முழுப் பிரேமிலிருந்து தொடங்கி வரிசையாகக் கணக்கிட்டு வர வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கைச் செய்வதற்கென்றே தனிச் சுற்று ஒன்று இன்டெல் பிராசசர்களின் உள் கிராபிக்ஸில் 2011 முதல் இருந்து வருகிறது. அதன் பெயர் க்விக் சிங்க். என்விடியா, ஏஎம்டி நிறுவனங்களின் கார்டுகளிலும் இப்படிப்பட்ட சுற்று உண்டு. ஆனால் எச்.265-இன் 10 பிட் 4:2:2 வகையை 12-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசரின் உள் கிராபிக்ஸ் எளிதாகக் கையாளும். என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டும் கையாளாது. பட்ஜெட்டில் பலரும் பரிந்துரைக்கும் ஏஎம்டி பிராசசரான ரைசன் 5 5600ஜி-யும் இந்த வகையில் உதவாது. அதே 4:2:2 எச்.264-ஆக இருந்தால் க்விக் சிங்க்கும் கைவிட்டுவிடும் என்பதால், கேமராவில் இரண்டும் இருந்தால் எச்.265-ஐத் தேர்ந்து பதிவு செய்வது நல்லது.

கணினிப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் கொட்டேஷன் கேட்டால், 12-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசரான ஐ5-12400 என்று நாம் சொல்ல, "எஃப் போட்டுக்கலாம் சார், விலை குறையும், எப்படியும் கார்டு போடப்போறீங்க" என்று கடைக்காரர் 12400எஃப் என எழுதுவார். அவர் ஏமாற்றவில்லை, கேம் ஆடுபவருக்கு அது சரியான யோசனைதான். இரண்டிலும் அதே ஆறு கோர், அதே வேகம். எஃப் என்ற எழுத்துக்கு உள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். அதாவது, நமக்கு வேண்டிய க்விக் சிங்க் இல்லை. கொட்டேஷன் தாளில் அந்த ஓர் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். எஃப் இல்லாத பிராசசரை வாங்கினால் இன்னொரு வசதியும் உண்டு: கையில் பணம் போதவில்லையென்றால் கார்டு இல்லாமலேயே தொடங்கி, சில கல்யாண ஆர்டர்கள் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மென்பொருளையும் இதோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பிரீமியர் ப்ரோ க்விக் சிங்க்கை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அருமையான மென்பொருள்தான் என்றாலும், எச்.264, எச்.265 கோப்புகளுக்கான இந்த வன்பொருள் துணையை முழுமையாகப் பெறக் கட்டணப் பதிப்புக்குத்தான் போக வேண்டும்; மேலும் வண்ணத் திருத்தம், நாய்ஸ் குறைப்பு போன்றவற்றுக்கு அது கார்டையே பெரிதும் நம்பியிருப்பதால், கார்டு வாங்கும்போது அதிலுள்ள நினைவகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். என் கணக்கில் 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060, 4கே வேலைக்கு இன்றைக்கும் மோசமில்லை. எதற்கும் வழியில்லாதவர்கள் ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் எளிய நகல் கோப்பு, உருவாக்கி எடிட் செய்யலாம்; பழைய கணினியிலும் வேலை ஓடும், டிஸ்க்கில் இடம்தான் கூடுதலாக வேண்டும்.

டிஸ்க் விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், ஒரு மணி நேரப் பதிவுக்கு 45 ஜிபி. மூன்று கேமரா வைத்து ஆளுக்கு நான்கு மணி நேரம் எடுத்தால் ஒரே கல்யாணத்துக்கு 540 ஜிபி ஆகிவிடுகிறது. அதனால் விண்டோஸுக்கும் கேஷுக்கும் (எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள்) 500 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒன்று, நடப்பு வேலைக்கு 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று, முடிந்த வேலைகளை வைக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று என்று பிரித்துக்கொள்வதே என் வழக்கம். மூன்று கேமராவின் படத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓட்டினால், வேகம் தாளில் போதுமானதாகத் தெரிந்தாலும், அதன் முள் மூன்று கோப்புகளுக்கும் மாறி மாறி ஓடியே களைத்துவிடும்.

ராம் 16 ஜிபி இருந்தால் தொடங்கலாம், 32 இருந்தால் நிம்மதி. 2025-இன் பிற்பகுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டுபோவதால் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஆகவே 8 ஜிபி இரண்டாக இப்போது போட்டு, பிறகு கூட்டிக்கொள்ள நான்கு ஸ்லாட் உள்ள பி660 அல்லது பி760 மதர்போர்டாக வாங்குவது நல்லது. எச்610 போர்டில் இரண்டு ஸ்லாட் மட்டுமே. டிடிஆர்4 போர்டா, டிடிஆர்5 போர்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றின் ராம் மற்றொன்றில் பொருந்தாது.

கேபினெட்டோடு இலவசமாகத் தரும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வேண்டவே வேண்டாம். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்று பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்குங்கள். கரண்ட் போகும் ஊரில் இருப்பவருக்கு யுபிஎஸ் கட்டாயம். ஆனால் எல்லோரும் வாங்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். எக்ஸ்போர்ட் ஓடும்போது 12400 அதிகபட்சமாக 117 வாட்டும், 3060 கார்டு 170 வாட்டும் எடுக்கலாம். மானிட்டரையும் சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும். கார்டு போடுபவர்கள் 1 கேவிஏ வாங்க வேண்டும். மறக்காமல் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அதில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்கட்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னால், வாரண்டிக்கு அலையும்போது அந்தக் குறைத்த தொகை போதாது.