இரண்டு பட்டம், ஒரு வியாழன் மதியம்

ஏப்ரல் 4
அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பென்சில்வேனியாவா, பெர்க்லியா? மே 1க்குள் சொல்லியாக வேண்டும். இரண்டு இடத்திலும் நாலே வருஷத்தில் மெக்கானிக்கலும் பிசினஸும் சேர்த்து இரண்டு பட்டம்.

ஏப்ரல் 6
தூக்கமே இல்லை.

ஏப்ரல் 9
பாடங்களைச் செமஸ்டர்வாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். தெர்மோடைனமிக்ஸும் அக்கவுண்டிங்கும் ஒரே செமஸ்டரில் விழுந்தால் லேபுக்கு வியாழன் மதியம் மட்டும்தான் மிஞ்சுகிறது. வேறு எதிலும் கண் போகவில்லை. பிசினஸ் பக்கம் ஏறிக்கொண்டே போய், இஞ்சினியரிங் என்பது ரெஸ்யூமேயில் ஒரு வரியாக நின்றுவிடுமோ? நான் மெஷின் செய்ய வேண்டும். அதை விற்கவும் தெரிய வேண்டும். இந்த வரிசையில்தான்.

ஏப்ரல் 13
அப்பாவுக்கு ஒரே கவலை, படித்து முடித்ததும் அங்கே வேலை பார்க்க விடுவார்களா என்று. மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. 12 மாதம், இஞ்சினியரிங் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இஞ்சினியரிங், கணிதம்) கணக்கில் வருவதால் மேலும் 24 மாதம், அப்புறம் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். எங்கே சேர்ந்தாலும் இதே விதிதான், இதை வைத்து முடிவெடுக்க முடியாதுப்பா என்றேன்.
"அப்போ எதை வச்சுதான் எடுக்கப் போறே?"

ஏப்ரல் 14
வியாழன் மதியம். ஒரே ஒரு மதியம்.

ஏப்ரல் 18
இன்று மனசு முழுக்கப் பென்சில்வேனியா. அங்கே இந்தப் படிப்பு 1977இல் தொடங்கியது. பெர்க்லியில் முதல் மாணவர்கள் சேர்ந்ததே 2017இல். பென்சில்வேனியாவில் படித்தால், எந்தக் கம்பெனிக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு சீனியர் இருப்பார். 1881இல் அங்கே பிசினஸ் சொல்லித்தரும் வார்ட்டன் பள்ளிக்கு வித்திட்ட ஜோசப் வார்ட்டன் நிக்கல், துத்தநாகம் உற்பத்தி செய்தவர். உலோகத்தில் ஊறிய மனிதர் பிசினஸ் படிப்பைத் தொடங்கியிருக்கிறார்! எவ்வளவு தெம்பாக இருக்கிறது.

ஏப்ரல் 21
"சீனியர் இருப்பாங்க, சரி. நீ போய் நிக்க ஆசைப்படுற இடத்துல இருப்பாங்களா?" என்றாள் அக்கா. கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 24
இரண்டு பக்கமும் ஒவ்வொரு சீனியரிடம் பேசினேன். பென்சில்வேனியாக்காரர் இரண்டு கோடையும் நியூயார்க்கில், முதலீட்டு வங்கியில். இரண்டாம் ஆண்டிலேயே இன்டர்வியூ ஆரம்பித்துவிடுமாம். நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பெர்க்லிக்காரர் போனது பம்ப் செய்யும் சின்னக் கம்பெனிக்கு. வால்வில் கசிவு. ரப்பர் வளையத்தின் தடிமனை மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் அடியில் காகிதம் விரித்து ஈரம் படுகிறதா என்று பார்த்திருக்கிறார். கசிவு நின்றதும், அந்த வளையத்தால் பம்பின் விலை எவ்வளவு ஏறும் என்ற கணக்கையும் அவரிடமே கொடுத்துவிட்டார்களாம். ஒரே ஒருவரை வைத்து ஒரு பல்கலைக்கழகத்தை எடைபோடக் கூடாதுதான். ஆனால் எனக்குப் பொறாமை வந்தது இவர்மேல்.

ஏப்ரல் 25
காகிதத்தில் ஈரம்.

ஏப்ரல் 28
அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். பெர்க்லி. இரவு அப்பாவிடம் பேச வேண்டும். 1977ஐ எடுப்பார். எடுக்கட்டும், பம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.